கொம்பு பட்ட இடம்

சேசு மரி சூசை துணை

நாச்சியாபுரம்
22-1-96

என் ஒரே மருமகள் டாக்டர் பெனிட்டாவுக்கு உன் தாய்மாமன் சந்தியாகு எழுதுவது. இங்கே நானும் என் ஆடுகளும் காளையும் திடமாக இருக்கிறோம். உன் உடம்புக்கும் படிப்புக்கும் ஒரு குறையும் வராமல் மாதா பார்த்துக்கொள்வாள்.

உன் கடுதாசி கிடைத்தது. போன மாதம் மதுரைக்கு உன்னைப் பார்க்க வந்த இடத்தில், உன்னோடு படிக்கிற பிள்ளைகள் எதிரில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "எடுத்துக்கங்கத்தா, காளை ரத்தம், எத்தனை பாட்டில் வேணும்" என்று கையை நீட்டினவன் நான். அந்த ரத்தத்தில் 'சி' வகைக் கிருமி இருக்கிறது, பல வருசமாக ஈரலை அரித்துக்கொண்டிருக்கும் என்று எழுதியிருக்கிறாய். என் உடம்பில் ஒரு கிருமி அத்தனை வருசம் வாடகை கொடுக்காமல் குடியிருந்தால் எனக்குத் தெரியாமலா போகும், ஆத்தா?

இருந்தாலும் டீக்கடையில் பெருமையாகத்தான் சொன்னேன், என் ரத்தத்தை டாக்டர்கள் புத்தகத்தில் போடப்போகிறார்கள் என்று. அந்த மருதுப் பயல், "குடிச்சுக் குடிச்சு ஈரல் அழுகிப்போச்சுன்னு போடுவாக" என்றான். பெஞ்சுப் பலகையை உருவி அவன் நெற்றியில் ஒன்று வைத்தேன். அவன் கிளாஸை உடைத்து என் முழங்கையைக் கிழித்தான். இரண்டு பேர் ரத்தமும் ஒரே வாய்க்காலாக ஓடியது. பதினைந்து பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தெடுத்தார்கள். கிருமி இருக்கிறவன் இப்படி அடிப்பானா, நீயே யோசி.

மற்றபடி சௌக்கியம். வேளைக்குச் சாப்பிடு.

சந்தியாகு


மதுரை
1-2-96

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். முழங்கையைத் தைத்தார்களா, புண் ஆறியதா என்று எழுதுங்கள். அந்த டீக்கடையில் பதினைந்து பேர் நிற்க இடம் கிடையாது. இருந்தாலும் நம்புகிறேன்.

இந்தக் கிருமி இரத்தத்திலிருந்து இரத்தத்துக்குத்தான் போகும். மருதுவின் காயத்தில் உங்கள் இரத்தம் பட்டிருந்தால் அவரையும் சோதிக்க வேண்டும். யாரையும் அடிக்காதீர்கள் என்றால் கேட்கமாட்டீர்கள். இரத்தம் வருகிற மாதிரி அடி வாங்காமலாவது இருங்கள். சாராயத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

கிருமியால் ஈரல் புண்ணாகும். புண் ஆறி ஆறித் தழும்பு விழும். தழும்பு கூடினால் ஈரல் கல்லாகும், அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. எவ்வளவு தழும்பு என்று பார்க்க இப்போது இருக்கிற வழி, வலது விலா எலும்புகளுக்கு நடுவே நீள ஊசியை இறக்கி, நூல் கனத்துக்கு ஈரலைக் கிள்ளி எடுப்பது. அந்த ஊசி இல்லாமல், கையில் எடுக்கிற இரத்தத்தை மட்டும் வைத்துத் தழும்பை மதிப்பிட முடியுமா என்பதுதான் என் ஆய்வு. காரைக்குடியில் சதீஷ்குமாரின் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய் இரத்தம் கொடுங்கள். அவர் ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் எனக்கு அனுப்பிவிடுவார்.

இன்னொன்று. 1972-இல் மஞ்சுவிரட்டு வாரத்தில் உங்களை மாடு முட்டி, விலாவில் கிழித்து, இரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். கிருமி அன்றைக்குத்தான் வந்திருக்க வேண்டும். இரத்தம் கொடுத்தது யார், மாமா? அவர் உயிரோடு இருந்தால் அவருடைய ஈரலும் அவருக்கே தெரியாமல் கல்லாகிக்கொண்டிருக்கும். அவரைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்பா காரைக்குடி வீட்டில் நலம். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூடக் குழிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்றவர்கள்தானே நீங்கள் இரண்டு பேரும். இருந்தாலும் எழுதுகிறேன்.

பெனிட்டா


நாச்சியாபுரம்
16-2-96

மருமகளுக்கு மாமனின் ஆசீர்வாதம். முழங்கை ஆறிவிட்டது. எனக்குப் புண் ஆறுகிற வேகத்தைப் பார்த்து மருந்துக்கடைக்காரனே மிரண்டுவிட்டான்.

72-ல் என்னை முட்டினது லேசுப்பட்ட மாடு இல்லை. கொம்பு ஒவ்வொன்றும் உன் உயரம். திமிலைப் பிடித்துத் தொங்கினேன், மூன்று கண்மாய் தாண்டி இழுத்துப் போனது. கடைசியில் என்னைக் குத்திவிட்டு அதுவும் மயங்கி விழுந்தது. ரத்தம் கொடுத்தவர் ஸ்பெயின் தேசத்துச் சாமியார் ஒருவர். சிலுவை போட்டுவிட்டுக் கையை நீட்டினார். பிறகு அவர் தேசத்துக்கே போய்விட்டார். அவரை இனி எங்கே தேடுவது, விட்டுவிடு.

நீ கேட்டபடி ரத்தம் பஸ்ஸில் வருகிறது. ஐஸ் பெட்டியைப் பார்த்துத் திற, பாட்டிலை விட்டுக் குதித்தாலும் குதிக்கும். ஆனால் அந்த விலா ஊசிப் பேச்சை மட்டும் என்னிடம் எடுக்காதே. அதே இடத்தில் இரண்டாம் தடவை இரும்பு இறங்க நான் சம்மதிக்க மாட்டேன்.

குளிர்காற்றில் திரியாதே. மாதா துணை.

சந்தியாகு


மதுரை
24-2-96

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் நலம் பற்றித்தான் சந்தேகம். ஏனென்றால் பெட்டியில் வந்தது உங்கள் இரத்தம் இல்லை.

அது 'பி' வகை. கிருமி கிடையாது. இருபது வயதுப் பையனின் ஈரல். நீங்கள் 'ஓ நெகட்டிவ்' என்று இங்கே எடுத்தபோதே எழுதி வைத்திருக்கிறேன். நம் பக்கத்தில் அது நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இருந்தால் பெரிது. அன்றைக்கு உங்களுக்கு இரத்தம் கிடைத்ததே அதிசயம். ஸ்பெயின் சாமியாரிடம் இருந்திருக்கலாம்தான். ஆனால் பங்குக் கோயிலில் விசாரித்தேன். 72-இல் அங்கே இருந்த சாமியார் திண்டுக்கல்காரர்.

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, மாமா. கொடுத்தவருக்கு வயசாகியிருக்கும். முற்றிய பிறகு வயிற்றில் நீர் கட்டும், கால் வீங்கும், ஈறில் இரத்தம் கசியும். ஒருநாள் குடம் குடமாக இரத்தம் கக்குவார்கள். அப்படி இரண்டு பேரை இந்த மாதம் இங்கே பார்த்தேன். அதற்கு முன்னால் அவரைப் பிடித்தால் ஏதாவது செய்யலாம். பெயரைச் சொல்லுங்கள்.

பெனிட்டா


நாச்சியாபுரம்
12-3-96

ஆத்தா பெனிட்டாவுக்கு சந்தியாகு எழுதுவது. இங்கே மழை இல்லை, மற்றபடி குறை இல்லை. அங்கே தண்ணீர் வருகிறதா?

போன ரத்தம் சின்னக்கருப்பனுடையது. என் காளையைப் பிடிக்கிறவன். என் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன், ஒரு கோழி கொடுத்தேன். நல்ல ரத்தமாகப் போனால் உனக்கும் பெருமை என்றுதான்.

இந்த முறை நானே போனேன். மருதுவையும் கையை முறுக்கி இழுத்துக்கொண்டு போனேன். அவன் வழியெல்லாம் கத்தினான், கடித்தான், காரைக்குடி பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்தது. முதலில் அவனுக்கு எடுத்தார்கள். எனக்கு ஊசியை வைத்த நேரம் பார்த்து நில அதிர்ச்சி வந்தது. நாற்காலியோடு சாய்ந்தேன், சதீஷ்குமார் தம்பியின் கண்ணாடி உடைந்தது. நான் மயங்கி விழுந்ததாக அவன் உனக்கு எழுதியிருந்தால் நம்பாதே.

ரத்தம் கொடுத்தவரைப் பற்றிக் கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். சாமியார் இல்லை, பட்டாளத்துக்காரர். ஆறடி உயரம், தனியாளாக ஒரு பாலத்தைப் பிடித்தவர். 71-ல் பாகிஸ்தான் சண்டையில் செத்துப்போனார். ஆகையால் தேட வேண்டியதில்லை.

உன் அப்பா சரியாகச் சாப்பிடுகிறாரா? கால் வீங்குகிறதா? ஈறில் ஏதாவது? சும்மா கேட்டேன்.

சந்தியாகு


மதுரை
25-3-96

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். மருதுவுக்குக் கிருமி இல்லை, சொல்லிவிடுங்கள். அவருடைய கையையும் விட்டுவிடுங்கள்.

உங்கள் இரத்தம் சொல்வது இது. ஈரல் புண்ணானால் இரண்டு சத்துகள் இரத்தத்தில் கசியும், ஓ.டி., பி.டி. என்போம். சாதாரணமாக பி.டி.தான் கூடுதலாக இருக்கும். தழும்பு ஏற ஏற ஓ.டி. அதை எட்டிப்பிடித்துத் தாண்டும். இரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களும் குறையும். உங்களுக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். தட்டணு கொஞ்சம் குறைவு. தழும்பே இல்லை என்றாலும் நிறைய இருக்கிறது என்றாலும் இரத்தம் தெளிவாகச் சொல்கிறது. நடுவில் இருக்கிறவர்களிடம்தான் தடுமாறுகிறது. நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். ஊசி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

71-இல் இறந்தவர் 72-இல் இரத்தம் கொடுத்ததை என் பேராசிரியரிடம் காட்டினால் ஆய்வையே மாற்றச் சொல்வார்.

அப்பாவைக் கேட்டிருந்தீர்கள். எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. கால் வீங்குகிறது. செருப்பு வார் பதிந்த தடம் இரவு வரை மறைவதில்லை. பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது என்று போன மாதம்தான் சொன்னார். அவருடைய இரத்த வகையும் 'ஓ நெகட்டிவ்'.

நான் வேறொன்றும் கேட்கவில்லை. பதில் எழுதுங்கள்.

பெனிட்டா


மதுரை
6-5-96

அன்புள்ள மாமாவுக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

ஈஸ்டர் விடுமுறைக்குக் காரைக்குடி போனேன். அப்பாவிடம் இரத்தம் கேட்டேன். ஊசியைக் கையில் எடுத்ததும் எழுந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "உங்க மாமாவைக் கேளு" என்றார். 

கேட்கிறேன்.

பெனிட்டா


சேசு மரி சூசை துணை

நாச்சியாபுரம்
20-5-96

மருமகளுக்கு. உடம்பு நன்றாக இருக்கிறது. இந்தக் கடுதாசியில் மாடு கிடையாது.

72 மஞ்சுவிரட்டுக்கு மறுநாள், மத்தியானம். இப்போது பூசைக்கு முதல் ஆளாகப் போகிற உன் அப்பா அப்போது சாராயத்தில் மூழ்கிக் கிடந்தவர். நான் காரைக்குடிச் சந்தைக்கு வந்திருந்தேன். அக்காவை அடிக்கிறார் என்று அவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை அங்கே ஓடிவந்து சொன்னது. நான் போய்ப் பார்க்கும்போது அக்காவின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் மோதிக்கொண்டிருந்தார். அவள் முகம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. நீ தொட்டிலில் கத்திக்கொண்டிருந்தாய். நான் வெறுங்கையோடு போகவில்லை. அருவாளோடுதான் போனேன், கழுத்துக்குத்தான் வீசினேன். அவர் குனிந்தார், அருவாள் நிலையில் பதிந்தது. உருவ முடியவில்லை. கறி அறுத்து வைத்திருந்த கத்தி அவர் கைக்கு எட்டினது. ஒரே குத்து.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அக்காதான், "மாடு முட்டிருச்சு" என்றாள். பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் மாடு முட்டினவர்கள். யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. அவள் முகத்தையும் மாடுதான் மிதித்தது என்று எழுதிக்கொண்டார்கள்.

ரத்தம் வேண்டும் என்றார்கள். ஊரே வந்து கையை நீட்டியது, ஒருத்தருடையதும் சேரவில்லை. உன் அப்பா வாசல் வேப்பமரத்தடியில் என் ரத்தம் காய்ந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அக்கா போய்ச் சட்டையைப் பிடித்துத் தூக்கினாள். "நீகதான எறக்குனீக, நீகளே ஏத்துங்க" என்றாள். அவருடையது சேர்ந்தது. என் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கவைத்து எடுத்தார்கள். விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

அதற்குப் பிறகு அவர் சாராயம் தொட்டதில்லை, அக்காமேல் கை வைத்ததில்லை. நான் அவர் முகத்தில் முழிக்காமல் இருந்தது கோபத்தினால் இல்லை. என்னைப் பார்த்தால் அவர் அழுதுவிடுவார். அழுகிற ஆளை எனக்கு அடிக்க வராது.

உனக்குச் சொல்லக்கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவள் கல்லறைக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சந்தியாகு


மதுரை
27-5-96

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அழுது முடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீங்கள் இங்கே சட்டையைக் கழற்றிய அன்றே அது கொம்பு இல்லை என்று தெரியும். கொம்பு சதையைப் பிய்க்கும். உங்கள் தழும்பு இரண்டு விரல் அகலம், ஓரம் நேர்க்கோடு. பிறகு நீங்களே "இரண்டாம் தடவை இரும்பு" என்று எழுதினீர்கள். எந்தக் கை என்றுதான் தெரியாமல் இருந்தது. எனக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்த கை.

மறுபடி போய்க் கேட்டேன். "இது எனக்கு வர வேண்டிய கூலி, வாங்கிக்கிட்டுப் போறேன்" என்கிறார். கையைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். வார்டில் எத்தனையோ பேரைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். இவரை என்னால் முடியவில்லை. அந்த இரத்தம் கக்கின ஆட்களைப் போல இவரையும் பார்க்க வேண்டியிருக்கும் என்று பயமாக இருக்கிறது.

பெனிட்டா


நாச்சியாபுரம்
14-6-96

என் மருமகள் டாக்டருக்கு மாமன் எழுதும் வெற்றிச் செய்தி. உடம்பு திடம், உதடு மட்டும் வீங்கியிருக்கிறது.

காரைக்குடி போனேன். அந்த வீட்டுப் படியை இருபத்துநாலு வருசம் கழித்து மிதித்தேன். உன் அப்பா நாற்காலியில் இருந்தபடி, "வா மாப்ளே" என்றார், நேற்றுத்தான் பார்த்தது போல.

"ஆட்டோ நிக்கிது. கெளம்புங்க மச்சான்."

"எங்குட்டு?"

"ரத்தம் குடுக்க. உங்களுக்குப் பழக்கந்தானே."

"நான் வரலை. கடவுள் பாத்துக்கிருவாரு."

"அவரு பாக்கட்டும். எம் மருமக பாக்க வேணாமா?"

எழுந்து நிலையைப் பிடித்துக்கொண்டார். அதே நிலை, ஆத்தா. என் அருவாள் பதிந்த தடம் வண்ணம் பூசியும் தெரிகிறது. கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கன்னத்தில் அறைந்தேன். அறுபது வயசு வாத்தியாருக்குப் பிரம்பு மறக்கவில்லை. கைத்தடியைச் சுழற்றினார், என் உதடு கிழிந்தது. இரண்டு பேரும் தரையில் உருண்டோம். பானை உடைந்தது, தெருவே கூடிவிட்டது, ஒரு நாற்பது பேர் இருக்கும். ரத்தம் படக்கூடாது என்று நீ எழுதினது ஞாபகம் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே என்று தொடர்ந்து அடித்தேன்.

மூச்சு வாங்கிக் கிடக்கும்போது சொன்னேன்: "அன்னைக்கு என்னையக் கேட்டா குத்துனீக? இன்னைக்கு மட்டும் உங்களக் கேட்டுக் குத்தணுமாக்கும்."

அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்தார்.

சதீஷ்குமார் எங்கள் மூஞ்சிகளைப் பார்த்துவிட்டு, "ஆக்சிடெண்டா அண்ணே?" என்றான். "மாடு" என்றேன். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெட்டி நாளைக்கு உனக்கு வரும்.

சந்தியாகு


மதுரை
3-7-96

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். உதடு ஆறும்வரை உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள்.

அப்பாவுக்கும் அதே கிருமி. ஓ.டி. நன்றாகத் தாண்டிவிட்டது. தட்டணு உங்களுக்கு இருப்பதில் பாதிதான். அவருக்கு ஊசியே தேவையில்லை, இரத்தமே சொல்லிவிட்டது. ஈரல் பெரும்பாலும் தழும்பாகிவிட்டது. அவருக்கு உங்களுக்கு முன்னாலிருந்தே கிருமி, போதாததற்கு அந்தக் காலத்துச் சாராயம். இதைத் திருப்ப முடியாது. ஆனால் உப்பைக் குறைத்து, மருந்து கொடுத்து, ஆறு மாதத்துக்கொரு தரம் இரத்தம் பார்த்துக்கொண்டே போனால் சில வருசங்கள் நல்லபடியாக இருக்கலாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

உங்களுக்குத்தான் ஊசி வேண்டும். ஆகஸ்டு முதல் வாரம் வாருங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். கூட்டாமல், குறைக்காமல்.

பெனிட்டா


நாச்சியாபுரம்
18-8-96

ஆத்தா பெனிட்டாவுக்கு மாமனின் முத்தங்கள். விலாவில் வலி போய்விட்டது. எனக்குத் தழும்பு பாதி வழியில்தான் நிற்கிறது என்று நீ சொன்ன நாளிலிருந்து தூக்கம் நன்றாக வருகிறது. சாராயத்தை விட்டுவிட்டேன், மருது சாட்சி.

மதுரைக்கு வரும்போது பஸ்ஸில் உன் அப்பாவிடம் சொன்னேன். நீ எழுதினதை அப்படியே வாசித்தேன், ஒரு எழுத்துக் கூட்டவில்லை. திருப்பத்தூர் வரும்வரை சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "உனக்கு எந்த எடத்துல குத்துவாக?" என்றார். தழும்பைத் தொட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். உன் பெரிய டாக்டர் அவசியமில்லை என்று சொல்லச் சொல்ல, "எம் மக ஆராய்ச்சிக்கு ஆகும்ல, எனக்கும் அங்கயே குத்துங்க" என்று சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுபடி பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இந்தத் தடவை விட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதார். நான் அடிக்கவில்லை.

இப்போது இங்கேதான் இருக்கிறார். உப்பில்லாத கஞ்சி இரண்டு பேருக்கும். நேற்று டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். மருது, "என்ன மாமா, வெலாவுல பிளாஸ்திரி?" என்றான்.

"மதுரையில ஒரு கிடேரி முட்டிருச்சுடா. கண்ணாடி போட்ட கிடேரி."

கடையே சிரித்தது. மருது உன் அப்பாவின் பக்கம் திரும்பினான். "வாத்தியாரய்யா, நீங்க பொய் பேச மாட்டீக. உங்க வெலாவுலயும் ஒட்டியிருக்கே, உங்களுக்கு என்னாச்சு?"

உன் அப்பா டீயைக் குடித்து முடித்துக் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"அதே கிடேரிதான்ப்பா" என்றார். "ரெண்டு பேரும் குறுக்க போயிட்டோம்."

சந்தியாகு